இரண்டாவது தட்டு

விடுமுறைக்கு வருகிறவர்கள் முதலில் மெத்தையைப் பற்றித்தான் கேட்பார்கள், ஐயா. ஊர் திரும்பிய பிறகு மெத்தையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இந்தத் தீவில் தங்குவதற்கு வீடு பிடித்துக் கொடுக்கும் தொழிலில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்.

கடற்கரை ஓரமாகப் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லா அறையிலும் ஒரே திரைச்சீலை, ஒரே சோப்பு வாசனை. கண் விழித்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே பிடிபடாது. அதில் சலித்துப்போனவர்கள் என்னிடம் வருவார்கள். "ஏதாவது குணமுள்ள வீடா பாத்துக் குடுங்க" என்பார்கள். வீட்டுக்கு ஏது குணம் என்று ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வரும். மனிதர்களுக்கே அது அபூர்வம். போகப் போகப் புரிந்தது. எந்த வீட்டையும் நான் ஒரு நாள் தங்கிப் பார்க்காமல் எடுப்பதில்லை. இங்கே தங்கிப் போகிறவன் தன் ஊரில் நாலு பேரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பழைய ஐஸ் தொழிற்சாலையை அப்படித்தான் எடுத்தேன். சுவர் அவ்வளவு தடிமன், கொளுத்தும் வெயிலிலும் உள்ளே போர்வை கேட்கும்.

மணல் திட்டின் நுனியில், கடலுக்குள் மரத்தூண்கள் மேல் நிற்குமே, அந்த வீட்டையும் அப்படித்தான் போய்ப் பார்த்தேன். தரைப் பலகை இடுக்கில் மீன் ஓடுவது தெரியும். பார்த்ததுமே எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் தூண்களைக் கடல்புழு அரித்திருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போயிற்று. "காத்து மாறுற காலத்துல இங்க ஒரு ஈ காக்காயைக்கூடத் தங்க விடாதீங்க" என்று படகுக்காரரிடம் நானே சொல்லிவைத்தேன். அவர் அதை உங்களிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

என்னிடம் இருக்கும் வீடுகளிலேயே முதன்மையானது என் அக்காவின் வீடு. பாறை மேல் இருக்கும் மாடி வீடு. கீழே அக்கா இருப்பாள், மேலே விருந்தாளிகள் தங்குவார்கள். ஜன்னல் சின்னது, குழாயில் தண்ணீர் நினைத்தால்தான் வரும். ஆனாலும் அந்த வீட்டுக்குத்தான் போட்டி.

காரணம் அக்கா. அத்தான் போன படகு கவிழ்ந்தது என் கல்லூரிக் காலத்தில். கூடப் போனவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின, அவருடையது ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து அக்கா பொழுது சாயும்போது மொட்டை மாடிக்கு ஏறிப்போய்க் கடலைப் பார்த்து ஒரு விளக்கு வைப்பாள். இறங்கி வந்து மேஜையில் இரண்டு தட்டுகள் வைப்பாள். ஒன்றில் தான் சாப்பிடுவாள். இன்னொன்று காலியாகவே இருக்கும். விருந்தாளிகள் அதைப் பார்த்ததும் சத்தமில்லாமல் ஆகிவிடுவார்கள். ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே வந்த ஒரு தம்பதி, கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைவிட ஒரு வீட்டுக்கு என்ன குணம் வேண்டும்?

அக்கா சில நாள் அலுத்துக்கொள்வாள். "இன்னைக்கு வேண்டாம் குட்டி, முட்டி வலிக்குது" என்பாள். சந்தைப் பக்கம் மனித சத்தம் கேட்கிற மாதிரி ஒரு சின்ன அறை பார்த்துக் கொடுக்கக்கூடச் சொன்னாள். வயதானால் எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வதுதான். "மேல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்கக்கா" என்பேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அக்காவை நான் அந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டேன், ஐயா. துக்கம்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. அதை அணையாமல் காப்பது என் பொறுப்பு என்று நினைத்தேன்.

போன மாதம் படகுத்துறையில் என் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். வீடு தேடி வந்தவர் என்றுதான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அடையாளம் தெரியலையா குட்டி?" என்றார்.

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அத்தான். தண்ணீர் கொடுத்தேன். அவர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். ஏதோ சரக்குக் கப்பல் தூக்கியிருக்கிறது. வேறொரு துறைமுகத்தில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். திரும்பி வர வழி இருந்தது.

"செத்துட்டேன்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியல. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். அவ கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடுறேன்."

ஒரு பையை நீட்டினார். உள்ளே மெத்தென்ற ஒரு ஜோடி செருப்பு. "அவளுக்கு அப்பவே முட்டி வலி உண்டே. நான் குடுத்தா தூக்கி எறிஞ்சாலும் எறிவா. நீயே குடுத்துடு" என்றார். அவர் அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

நீங்களே யோசித்துப் பாருங்கள். என் அக்கா கடல் கொண்டுபோன ஒரு மனிதனுக்காகக் காத்திருந்தாள். வர மனமில்லாத ஒருவனுக்காக அவள் காத்திருக்கவில்லை. இந்த ஆள் வாசல்படி ஏறிய மறு நிமிடம் அந்த விளக்கும் தட்டும் ஊர் சிரிக்கிற விஷயமாகிவிடும். இத்தனை வருட வாழ்க்கை பைத்தியக்காரத்தனம் என்றாகிவிடும். அக்கா அதைத் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. தோன்றியது என்ன, எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"திடுதிப்புனு போனா அக்கா நெஞ்சு தாங்காது அத்தான். நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன். அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படாம ஒரு இடத்துல இருங்க" என்றேன். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை. வீடு பார்ப்பதில் என் கைராசி துறைமுகம்வரை பேச்சாம். பெருமையாகச் சொன்னார்.

மணல் திட்டு வீட்டைக் காட்டினேன். படகுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேடம், இந்த வீடு வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். "காத்து மாற இன்னும் நாள் இருக்கு. நாலு நாள்தானே" என்றேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் அத்தான் குனிந்து பலகை இடுக்கில் மீன் ஓடுவதைப் பார்த்தார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். "அவளை இங்க ஒரு தடவை கூட்டிட்டு வரணும் குட்டி" என்றார். நல்ல போர்வையாகப் பார்த்துக் கொடுத்தேன். எந்த விருந்தாளிக்கும் நான் குறை வைத்ததில்லை. படகை மட்டும் அங்கே விட்டுவைக்கவில்லை.

நாலு நாள் ஆயிற்று, இன்னும் நாலு நாள் ஆயிற்று. அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. செருப்பை மட்டும் நான் வாங்கியதாகச் சொல்லிக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. "என் கால் அளவு உனக்கு எப்படிடி தெரியும்?" என்று சந்தோஷப்பட்டாள்.

பிறகு ஒரு மத்தியானம் காற்று மாறியது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. படகுக்காரர் நனைந்தபடி கடைக்கு ஓடிவந்தார். "இப்பப் போனா கூட்டிட்டு வந்துடலாம் மேடம். இன்னும் கொஞ்ச நேரம் போச்சுன்னா படகு நிக்காது" என்றார். துடுப்பு கையிலேயே இருந்தது.

"வேண்டாம். காலையிலேயே நான் வேற படகுல கூட்டிட்டு வந்துட்டேன். அக்கா வீட்டுல இருக்காரு" என்றேன்.

இந்த விஷயத்தில் நான் யோசிக்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். நான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். இருவரும் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு குடித்தோம். மணல் திட்டு அங்கிருந்து தெரியாது. அந்த நேரத்தில் என் மனசு மிகவும் கனத்துப்போயிருந்தது. சின்ன வயதில் அத்தான்தான் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். அவருக்கு அந்தக் கடலில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அந்த வீட்டோடு கடலில் போனவரைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். ஆமாம், அவர் யாரென்று எனக்குத் தெரியும். தூண்கள் தாங்காது என்றும் தெரியும். தெரிந்துதான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாம் அக்காவுக்காக.

நேற்று அவள் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். அந்தச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். யார் வாங்கியது என்று அத்தான் படகில் சொன்னதைப் படகுக்காரர் அவளிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, கதவுக்கு வெளியிலேயே கழற்றி, ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள். திட்டவில்லை. என் தலையைக்கூடத் தடவினாள்.

"காத்திருக்கிறதை நான் எப்பவோ விட்டுட்டேன் குட்டி. உனக்கு அந்த விளக்குல ஒரு சந்தோஷம். உன் தொழில் நல்லா நடக்கட்டும்னுதான் வலியோட ஏறி ஏறி வெச்சேன்" என்றாள். பிறகு, "அவரு வந்திருந்தா நாலு வார்த்தை நல்லாத் திட்டியிருப்பேன். அப்புறம் அந்தத் தட்டுல சாப்பாடு போட்டிருப்பேன். வேற என்னடி செஞ்சிருக்கப் போறேன்?" என்றாள்.

அதிர்ச்சியில் இருக்கிறாள், ஐயா. அவள் சொன்னதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவளைப் பற்றி அவளைவிட எனக்குத் தெரியும்.

பொழுது சாயப்போகிறது. இன்றைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வருகிறது, அந்த வீட்டுக்காகவே அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். யாரையாவது அனுப்பி, அக்காவை மாடிக்கு ஏறி விளக்கு வைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தட்டு மேல் அலமாரியில் இருக்கிறது. அதை வைக்காவிட்டால் பாவம், அக்காவுக்குச் சாப்பாடே இறங்காது.