குரல் வந்த பக்கம்

ஆற்றோரம் தூங்குவது எல்லாருக்கும் ஒத்துவராது. முகாமுக்கு வருகிறவர்கள் முதல் நாள் கண் சிவந்துதான் எழுந்து வருவார்கள். தண்ணீர் பேசிக்கொண்டே இருக்கிறது என்பார்கள். மறுநாள் அது காதில் விழாது. அப்புறம் ஊருக்குத் திரும்பினால்தான் தூக்கம் வராது. நீங்களும் ஒருமுறை தங்கிப் பாருங்கள் சார்.

முகாம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காட்டுக்குள் மரங்கள் விட்ட இடைவெளிகளில் சில கூடாரங்கள், தகரக் கூரை போட்ட ஒரு சமையலறை, அதை ஒட்டி எனக்கும் என் தங்கைக்கும் ஆளுக்கொரு அறை. கூடாரம் அடிப்பது, விறகு வெட்டுவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் நான். சமையலும் வருகிறவர்களைச் சிரிக்க வைப்பதும் அவள். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. "எங்கண்ணன் வாயைத் திறந்தா மழை வரும், கூடாரத்தை இறுக்கிக் கட்டிக்குங்க" என்று எல்லாரிடமும் சொல்வாள். அம்மாவும் அப்பாவும் போனபோது தானாகத் தலைவாரிக்கொள்ளத் தெரியாத வயது அவளுக்கு. நான்தான் பின்னிவிட்டேன். கல்யாணம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. குறை என்றும் தோன்றவில்லை.

பஸ் போகிற சாலை அக்கரையில் இருக்கிறது. பாலம் கிடையாது. முழங்காலளவு தண்ணீரில் கற்களைப் பரப்பி ஒரு தடம் போட்டிருக்கிறோம். காலால் தடவிக்கொண்டே கடந்துவிடலாம். தடத்துக்குச் சற்றுக் கீழே, மணல் அள்ளி அள்ளி உண்டான மடு. நீச்சல் தெரிந்தவனைக்கூட அது உள்ளே இழுத்துக்கொள்ளும். குளிர் மாதங்களில் காலைப் பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. போகும்போது கவலையில்லை, பஸ் நிறுத்தத்து விளக்கு மங்கலாகவாவது தெரியும். திரும்பும்போதுதான் சிக்கல். அதனால் தடம் கரையேறுகிற இடத்தில் நின்று நான் குரல் கொடுப்பேன். வா, வா. அவ்வளவுதான். வருகிறவர் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். வாழ்க்கையில் நான் அதிகம் பேசியது அந்த ஒரு சொல்லாகத்தான் இருக்கும்.

கண்ணாடிக்காரர் போன குளிருக்கு வந்தார். டவுனில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. என் கண்ணாடியின் கம்பி ஒடிந்து நூல் சுற்றியிருந்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சரிசெய்து கொடுத்தார்.

ஒருநாள் சாப்பாட்டின்போது என் தங்கை அவரிடம், "ஊருக்கே கண்ணாடி மாட்டி விடறீங்க, தட்டுல முடி கிடந்தது தெரியலையா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுதுங்க. நீங்க பார்த்துக்கிட்டே நின்னீங்களா, முழுங்கிட்டேன்."

அவள் சிரித்தாள். அவள் மற்றவர்களைச் சிரிக்க வைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அவளே அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பிறகு அடிக்கடி வந்தார். கடைசியில் அவளைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று என்னிடமே வந்து கேட்டார். "நீங்களும் எங்களோட வந்துடுங்கண்ணே. கடைக்கு மேல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். சுத்தமான அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதில் துருப்பிடித்த ஒரு குழாய். மேலே யாரோ தண்ணீர் திறந்தால் சுவர் முழுக்க அதிர்ந்தது. என் தங்கை புதுத் துடைப்பம் வாங்கி மூலை மூலையாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படிண்ணா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நீ வரமாட்டே. எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் பெருக்கினாள். "விட்டுட்டுப் போறியேன்னு ஒரு வார்த்தை திட்டவாவது செய்யேண்ணா."

நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பாளோ என்னவோ.

முதல் பஸ்ஸில் வந்து அவர் அவளை அழைத்துப்போவதாக ஏற்பாடு. அன்று பனி கனமாக இருந்தது. அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. கட்டி முடித்த பெட்டி வாசலில் இருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். அக்கரையில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டதும் ஆற்றுக்குப் போனேன். வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. கீழே, மடுவுக்கு நேராக நின்றேன். அவருக்குத் தடம் அவ்வளவு பழக்கமில்லை. குரல் வந்த பக்கம்தான் நடப்பார். கோபம் ஒன்றும் இல்லை. கூடாரத்துக்கு முளை அடிக்கும்போது என்ன நிதானமோ அதே நிதானம்தான்.

ஆனால் அவள் தூங்கவில்லை. அவரை எதிர்கொண்டு அழைத்துவர எனக்கு முன்பே அக்கரைக்குப் போயிருந்தாள். பனியில் தடம் பார்த்துச் சொல்வதாக அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் தான் ஆற்றில் இறங்கினாள்.

நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். என் தங்கையைத் தூக்கிக் கரையில் கிடத்தியபோது உங்கள் ஆட்களும் அழுதார்கள். கண்ணாடிக்காரர் இன்னும் வருகிறார். "என்னாலதாண்ணே போயிட்டா. நான் முன்னாடி இறங்கியிருக்கணும்" என்று என் காலடியில் உட்கார்ந்து அழுகிறார். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. அவளுடைய சாவு அவருக்குச் சொந்தமானதல்ல. அதையும் அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் வந்தேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், அவருக்கு வைத்தது தவறிப்போய் அவளுக்கு என்றுதான் எழுதுவீர்கள். அப்படி எழுத வேண்டாம்.

தண்ணீரில் கால் அளைகிற சத்தம் கேட்டுக் குரல் கொடுத்தேன். "இதோ வந்துட்டேண்ணா" என்று பதில் வந்தது. அவள் குரல் எனக்குத் தெரியாதா. நில்லு என்று ஒரு சொல் போதும். நான் பேசாமல் இருந்தேன். நாளைக்கு அந்தச் சமையலறை எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கால் சத்தம் நின்றது. ஆறு மட்டும் கேட்டது.

"கல்லு காலுக்குத் தட்டுப்படலையேண்ணா. சரியாத்தான் வர்றேனா?"

"சரியாத்தான் வர்றே. வா" என்றேன்.