இரத்தினசிங்கத்தின் இருமல்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் சனங்களில் காதைச் சரியாகப் பாவிப்பவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது கண்ணாடி மாட்ட உதவுகிறது.

இறுவட்டிலிருந்து பாட்டைக் கணினிக்குள் எடுக்க இரண்டு வகை மென்பொருள்கள் உண்டு. ஒன்று அவசரக்காரன், கீறல் விழுந்த இடத்தைக் குத்துமதிப்பாக நிரப்பி, பாட்டைச் சப்பித் துப்பிச் சிறிதாக்கும். மற்றது ஒவ்வொரு துளியையும் திரும்பத் திரும்ப வாசித்து, ஒத்துப்போனால் மட்டுமே ஏற்கும். முதலாவதைப் பாவித்தவன் என் கடைக் கூட்டாளி ஜவாஹிர். அவன் எடுத்த பாட்டுகளுக்கு எங்கள் வீதியே தலையாட்டியது. தகர வாளிக்குள் பாடினாலும் அது தலையாட்டும்.

2006 ஆனியில் பூரணி அக்கா ஓர் இறுவட்டுடன் வந்தார். அவருடைய கணவர் இரத்தினசிங்கம் வீட்டில் இருந்து பாடிய ஆறு பாட்டுகள் அதில் இருந்தன. முந்திய வருடம் அவரை இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. குரல் மட்டும் அந்த வட்டில் மிச்சம்.

"மகள் அப்பாட குரலை மறந்துபோறாள் தம்பி. இது பழுதாக முன்னம் எடுத்துத் தாங்கோ."

ஜவாஹிர் உடனே எடுத்துவிட்டான்.

"சீடிட நடுவுல வெடிப்பு இருக்கு மச்சான். இனி அதப் போட்டுச் சுத்தாத. கிடைச்சது காணும்."

கிடைத்தது காணும், இவ்வளவு போதும் என்பவர்களால்தான் இந்த ஊர் இப்படி இருக்கிறது. அவன் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம், அவன் எடுத்ததை முழுவதும் கேட்டேன். தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் இருந்தது. அழித்தேன். அழுக்குத் துணியை யாரும் அலுமாரியில் வைப்பதில்லை.

பிறகு வட்டை என் மென்பொருளிடம் ஒப்படைத்தேன். கீறல் விழுந்த இடத்தை அது மிக நேர்மையாக வாசித்துக்கொண்டேயிருந்தது. வேகம் கூடியபோது வட்டு உள்ளேயே வெடித்துச் சிதறியது. வீதியில் போன ஒருவர் சத்தம் கேட்டு நிலத்தில் படுத்துவிட்டார். சனம் எதையும் பெரிதுபடுத்தும்.

துண்டுகளைக் கடலில் போட்டேன். பிழையான ஒரு துளியையும் என் மென்பொருள் ஏற்கவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. ஜவாஹிரிடம், நீ எடுத்ததைத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்றேன். நம்பினான். காதில்லாதவர்களுடன் தொழில் செய்வதில் இந்த வசதி உண்டு.

கேட்கத் தெரிந்தவனுக்கு ஒரு தடவை போதும். முதற்பாட்டை நானே பாடிப் பதிந்தேன். நடுவில் இரத்தினசிங்கம் இருமி, "பூரணி, கதவைச் சாத்து, காத்து வருது" என்பார். அதையும் விடவில்லை. பதிவு மிகத் தெளிவாக இருந்தது. அதனால் என் குரல் என்று தெரிந்தது. ஜவாஹிரின் மென்பொருளைத் திறந்து, ஆகக் குறைந்த தரத்தில் சப்பக் கொடுத்தேன். குரல் தண்ணீருக்குள் போனது. தண்ணீருக்குள் எல்லா ஆண்களும் ஒருவர்தான்.

அந்தப் பாட்டைக் கொண்டுபோன பூரணி அக்கா அடுத்த கிழமை திரும்பி வந்தார்.

"அந்த இருமல் வந்த உடனே எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினனான் தம்பி. மகள் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்தவள். மற்றப் பாட்டுகளும் வருமே?"

"ஓம் அக்கா. ஆறுதலா, மெல்லத்தான் எடுக்க வேணும்."

இரண்டாம் பாட்டின் நடுவில் இரத்தினசிங்கம் மகளைக் கூப்பிட்டுச் சிரிப்பார். அது இன்னும் எனக்கு வசப்படவில்லை. இப்போது ஜவாஹிர் சாப்பிடப் போயிருக்கிறான். அவனுடைய மென்பொருளை ஆகக் குறைந்த தரத்தில் திறந்து வைத்துவிட்டு, திரும்பத் திரும்பச் சிரித்துப் பார்க்கிறேன். தகப்பனில்லாத பிள்ளைக்குப் போலிச் சிரிப்பைக் கொடுக்க முடியாது.