நாலால வகுத்த கணக்கு

இல்ல சார், நம்பரு தப்பில்ல. நீங்க எழுதியிருக்கது சரிதான். ஒரு ஆளுக்கு இருவத்திரெண்டு கோடி. மண்டலத்துலயே நம்ம அம்பாசமுத்திரம் கிளைதான் முத எடம். நான் தலையாட்டுனது அதுக்கில்ல. எப்படிம்மா சாதிச்சீங்கன்னு கேட்டீங்கல்லா, அதுக்கு. ஒக்காருங்க. இன்னைக்கு ரெண்டாஞ் சனி, ஒருத்தரும் வரமாட்டாவ. டீ சொல்லட்டுமா? வேண்டாமா, சரி.

எடுத்த எடுப்புலயே சாதனையச் சொல்லுன்னா எனக்கு வாயில வரமாட்டேங்கு. மொதல்லேர்ந்து வாரேன். உங்க ஹெட் ஆபீஸ் பத்திரிகைக்கு எது வேணுமோ அத எடுத்துக்கோங்க.

அஞ்சு வருசம் முன்னால நம்ம பேங்க்கு கவுந்துச்சுல்லா. நீங்க மெட்ராஸ்ல இருந்து பேப்பர்ல படிச்சிருப்பீங்க. நாங்க இங்கன கம்பிக் கதவுக்கு உள்ள நின்னு பாத்தோம். எங்கயோ பம்பாய்ல நாலு பெரிய கம்பெனிக்கு அள்ளிக் குடுத்த கடன் திரும்பி வரல. ஒரு வியாழக்கிழம சாயந்தரம் டிவில சொல்லிட்டான், ஒரு ஆளு மாசத்துக்கு இருவத்தஞ்சாயிரத்துக்கு மேல எடுக்க முடியாதுன்னு. மறுநா காலைல மேலப்பாளையத்துலேர்ந்து பஸ் பிடிச்சு வந்து எறங்குதேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆளு நிக்கி. நெல்லு வித்த காசப் போட்டவன், மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கவன், பீடி சுத்திச் சேத்தவ. ஒரு பய கையில கல்லு வச்சிருந்தான் சார். நான் அப்போ அசிஸ்டண்ட் மேனேஜரு. மேனேஜரு லீவு போட்டுட்டாரு.

கதவத் தொறந்துட்டு வெளிய போனது ஒரே ஒரு ஆளு. பிச்சைக்கண்ணு அண்ணாச்சி. ஹெட் கேஷியரு, கல்லிடைக்குறிச்சிக்காரவ. இந்தக் கிளைல மட்டும் இருவத்தெட்டு வருசம். ஒரு ஸ்டூலத் தூக்கிட்டுப் போயி வாசல்ல போட்டு ஒக்காந்துட்டாவ. நின்னுக்கிட்டுப் பேசுனா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும், ஒக்காந்து பேசுனா கேப்பாவன்னு பொறவு எங்கிட்டச் சொன்னாவ. கல்லு வச்சிருந்தவனப் பாத்து, ஏலே, அத எறிஞ்சா கண்ணாடி ஒடஞ்சு என் மண்டைலதான் விழும், உங்கம்மை செயினுக்கு வட்டி கட்ட அடுத்த மாசம் யாருகிட்ட வருவ, பைய கீழ வையின்னாவ. அவன் சிரிச்சுட்டான். வச்சுட்டான். அதுக்குப் பொறவு ஒவ்வொருத்தரா பேரச் சொல்லிக் கூப்பிட்டு ஒரே பேச்சுத்தான். ரூவா எங்கயும் போவாது. போச்சுன்னா என்னையக் கேளு. நான் எங்கயும் போவமாட்டேன், இங்கனதான் இருப்பேன்.

பதினெட்டு நாளு சார். அந்த வெயில்ல.

பொறவுதான் உங்களுக்குத் தெரியுமே, புது ஆளுங்க பணம் போட்டு பேங்க்க எடுத்தாங்க. புது மேனேஜ்மெண்டு. அவுங்கதான் இந்தப் புரொடக்டிவிட்டிங்குத வார்த்தைய எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. டெபாசிட்டையும் கடனையும் கூட்டி, வேல பாக்குத ஆளால வகுக்கணும். அம்புட்டுத்தான்.

நான் வகுத்துக் காட்டுதேன், பாருங்க. கவுறதுக்கு முன்னால அறுவத்தாறு கோடி, பதினோரு பேரு. ஆளுக்கு ஆறு. கவுந்த வருசம் சனம் எடுத்துட்டுப் போவப் போவ நாப்பத்தி நாலுல வந்து நின்னுச்சு. ஆளுக்கு நாலு. அடுத்த வருசம் ஏழுக்கு மேல போயிட்டு. ஹெட் ஆபீஸ்லேர்ந்து பாராட்டிக் கடுதாசி வந்துச்சு. என்ன செஞ்சோம்னு நெனைக்கீங்க? ஒண்ணும் செய்யல. அதே நாப்பத்தி நாலு கோடிதான். அஞ்சு பேர வீட்டுக்கு அனுப்பியாச்சு. மேல உள்ளது ஏறல சார், கீழ உள்ளது எறங்குச்சு.

விருப்ப ஓய்வுன்னு பேரு. யாரு விருப்பமோ. மணிக்கு எத்தன வேல முடிக்காவன்னு கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்து லிஸ்ட்டு போடச் சொன்னாங்க. மேனேஜரு மாத்தல்ல போயிட்டாரு, பொறுப்பு எங்கிட்ட இருந்துச்சு. மத்தவங்களுக்கு முப்பது, முப்பத்தஞ்சு. அண்ணாச்சிக்குப் பதினாலு. ஏன்னா அவிய ஒரு ஆளுகிட்டப் பேசுவாவ. என்னத்துக்கு இம்புட்டு எடுக்கா, ஆஸ்பத்திரிக்கா, மவன் கேட்டானா, அவனே நேர்ல வந்து கேக்கட்டும்னு பாதிய எடுக்கவிடாமத் திருப்பி அனுப்புவாவ. அதுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல கட்டம் கெடையாது. அந்த லிஸ்ட்ட அனுப்புனது நான்தான். என் பேரும் அந்த லிஸ்ட்டுல அவிய பேருக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு, ரெண்டுல ஒண்ணு போயாவணும். என் மக முஃபீதா அப்பத்தான் காலேஜ் சேந்திருந்தா. வீட்டுல சம்பாத்தியம்னா என் ஒருத்தி சம்பாத்தியம்தான்.

கையெழுத்துப் போடும்போது அண்ணாச்சி ஒண்ணே ஒண்ணு கேட்டாவ. நான் போவலன்னா வேற யாரும்மா போவணும்? என் மொகத்தப் பாத்தாவ. சரி, பிள்ள படிக்கால்லா, நீங்க இருங்கன்னுட்டுப் போட்டுட்டாவ. ரிட்டயராவ இன்னும் மூணு வருசம் இருந்துச்சு அவியளுக்கு.

அடுத்த வருசம் களக்காட்டுக் கிளைய மூடி, அந்தக் கணக்கெல்லாத்தையும் இங்கன சேத்தாங்க. எழுவது கோடி ஆயிட்டு. ஆளு மட்டும் ஆறுலேர்ந்து நாலு. பதினேழரை. பாத்தீங்களா, எப்படிச் சரசரன்னு ஏறுது? அந்த வருசம் நாங்க மத்தியானச் சோத்த நாலு மணிக்குத் திம்போம். சில நாளு டப்பா அப்படியே மேலப்பாளையம் திரும்பிப் போவும். களக்காட்டுலேர்ந்து கெழடு கட்டையெல்லாம் ரெண்டு பஸ் மாறி வந்து மாடிப்படியில ஒக்காந்து கெடக்கும். நான் கத்துவேன் சார். நான் அப்படிக் கத்துத ஆளே கெடையாது. எங்க உம்மா வயசு உள்ள பொம்பளைய, போ, போயி மெஷின்ல போடுன்னு வெரட்டியிருக்கேன்.

ஒரு நாளு ஹமீது பீவின்னு களக்காட்டுக்காரவ ஒருத்தி. நாப்பது வருசமா பீடி சுத்துன கை. ரேகை வழிச்சு எடுத்த மாதிரி போயிட்டு. விதவைப் பென்சன் எடுக்கணும், மெஷின் வெரல ஏத்துக்கிட மாட்டேங்கு. மூணு தடவ நடையா நடந்துட்டா. நாலாவது தடவ வந்தா, கூட யாருன்னு பாத்தா, அண்ணாச்சி. வீட்டுக்கே தேடிப் போயிட்டா போல. இங்கனதான் இருப்பேன்னு சொன்னீரே, எங்க போனீருன்னு கேட்டாளாம்.

அவிய அவ கையச் சுடுதண்ணில நனைச்சு, துண்டால தொடச்சு, மோதிர வெரலச் சாச்சு வச்சு அமுக்குனாவ. ஏத்துக்கிட்டு. வரிசைல நின்ன பொம்பளையெல்லாம் கைய நீட்டிக்கிட்டு அவியளச் சுத்திட்டாங்க. அன்னைக்குப் போனவிய மறுநாளும் வந்தாவ. அதுக்கு மறுநாளும் வந்தாவ. நான் தூணுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தேன்.

ஆமா சார், ரிட்டயரானவியதான். சம்பளமா? அந்தக் கேள்விய நீங்க கேக்கீங்க, நான் கேக்கல.

பாரம் எழுதிக் குடுப்பாவ, வரிசைய ஒழுங்கு பண்ணுவாவ. நகை ஏலத்துக்குப் போவுதுன்னா கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூரு, எங்கன இருந்தாலும் சைக்கிள்ல போயி சொல்லிட்டு வருவாவ. மொதல்ல அவியளா செஞ்சாவ. பொறவு நான் ஏவ ஆரம்பிச்சேன். அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பாருங்க. அண்ணாச்சி, இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க. ஒரு நாளு வரலன்னா போன் போடுவேன். முன்னால பணத்த எடுத்துட்டுப் போனவங்க அவிய மொகத்தப் பாத்துத் திரும்பி வந்தாங்க சார். ஒரே வருசத்துல பதினெட்டு கோடி. அதுதான் நீங்க எழுதியிருக்க எம்பத்தெட்டு. நம்ம கிளை நெசமாவே வளந்ததுன்னா அந்த ஒரு வருசந்தான்.

அவிய சம்சாரம் கோமு அக்கா ஒரு தடவ இங்கன வந்தாவ. இந்தா, நீங்க ஒக்காந்திருக்க நாற்காலிதான். ஒண்ணு அவியளுக்குச் சம்பளத்தப் போடு தாயி, இல்லன்னா கதவச் சாத்தி வெரட்டி விடு, ரத்தக் கொதிப்பு மாத்திரையக்கூட போடாம ஓடி வாராவன்னாவ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவியளாத்தான் வாராவ அக்கா, நானா கூப்பிட்டேன்? அப்படிச் சொன்னேன். அன்னைக்குக் காலைலயும் போன் போட்டிருந்தேன்.

தற்காலிகமா ஒரு ஆளு வேணும்னு மண்டல ஆபீஸுக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். கடுதாசி அடிச்சும் வச்சேன். அனுப்பல. அனுப்புனா அஞ்சு பேருன்னு கணக்கு ஆயிரும். எம்பத்தெட்ட நாலால வகுத்தா முத எடம். அஞ்சால வகுத்தா பதினேழரை சொச்சம், ஆறாவது எடம். எனக்குப் புரமோஷன் லிஸ்ட்டு வார நேரம். நான் நாலாலயே வகுத்தேன்.

எழுதுங்க, எழுதுங்க. ஏன் பேனாவ மூடுதீங்க?

மார்ச்சு இருவத்தெட்டு. வருசக் கடைசி. ஆதார் சேக்காட்டி கணக்கு முடங்கிரும்னு எவனோ கெளப்பி விட்டுட்டான், களக்காடே இங்கன வந்துட்டு. ஏசி ஓடல. செலவக் கொறைக்கச் சொல்லி மெக்கானிக்க நிப்பாட்டி வச்சிருந்தோம். அண்ணாச்சி காலைல ஒம்பதரைக்கு வந்தவிய, ஒக்காரவே இல்ல. படியில எறங்கவும் ஏறவுமா இருந்தாவ. ரெண்டே முக்காலுக்கு நாற்காலில ஒக்காந்து மேசைல தலைய வச்சத நான் பாத்தேன். செத்த நேரம் கண்ண மூடட்டும்னுதான் நெனைச்சேன். அல்லா சாட்சியா அப்படித்தான் நெனைச்சேன். நாலு பேரும் ஸ்க்ரீனப் பாத்துட்டு இருந்தோம். இருவது நிமிசம். ஹமீது பீவிதான் ஒரு பாரத்த எடுத்துட்டு வந்து, அண்ணாச்சி, அண்ணாச்சின்னு தோளத் தொட்டா. சாஞ்சுட்டாவ.

பெஞ்சுல படுக்க வச்சோம். மூச்சு இருந்துச்சு. நூத்தியெட்டுக்குப் போன் போட்டோம். மண்டல ஆபீஸுக்கும் போட்டேன், கிளைக்குள்ள ஒரு ஆளு விழுந்துட்டாருன்னு. அந்தப் பக்கம் கேட்ட மொதக் கேள்வி, உசுரு இருக்கான்னு இல்ல. ஸ்டாஃபா, கஸ்டமரான்னு. ஸ்டாஃப் இல்லைன்னேன். அப்போ கஸ்டமருதானம்மா, கஸ்டமருன்னா கஸ்டமரு மாதிரி இருக்கணும்லான்னாரு. அதோட போன வச்சுட்டாரு.

ஆம்புலன்ஸ் வந்து ஏத்திட்டுப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல.

போலீசு எழுதிட்டுப் போனாங்க, பணம் எடுக்க வந்த எடத்துல எறந்துட்டாருன்னு. ரிப்போர்ட்டுல கெடக்கு, பாருங்க. சட்டப் பையில டோக்கன், நம்பர் நூத்தி நாப்பத்தேழு. கோமு அக்கா தொழிலாளர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்காவ. வேல பாக்குத எடத்துல செத்தாவ, ஒரு வழி பண்ணுங்கன்னு. நம்ம பேங்க்கு வக்கீலு அந்தத் துண்டுச் சீட்டத்தான் காட்டுதாரு. வரிசைல நின்ன மனுசன், இந்தா டோக்கன்னு. திங்கக்கெழம விசாரணை. எனக்குச் சாட்சி சொல்ல வரச்சொல்லி வந்திருக்கு. நீங்க இன்னைக்கு இந்தக் கேடயத்தத் தூக்கிட்டு வந்திருக்கீங்க.

கருமாதி முடிஞ்ச பொறவு நான் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். கோமு அக்கா ஒண்ணும் ஏசல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாவ. ஏந் தாயி, அவியளுக்கு அன்னைக்கு என்ன காசு தேவைப்பட்டுச்சு? எங்கிட்டக் கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே, எதுக்குப் போயி அந்த வரிசைல நின்னாவ?

இல்ல சார். அவிய டோக்கனே எடுக்கல. இருவத்தெட்டு வருசத்துல எடுத்தது கெடையாது. அந்த டோக்கன் மெஷின் பொத்தான அமுக்குனது நான். மடிச்சு அவிய பையில வச்சதும் நான். ஆம்புலன்ஸ்காரங்க படியேறிட்டு இருக்கும்போது. அப்போ அவியளுக்குக் கண்ணு தொறந்திருந்துச்சு சார், என் கையத்தான் பாத்துட்டு இருந்தாவ. திங்கக்கெழம அங்கன சொல்லப் போறேன், அதான் மொதல்ல உங்ககிட்ட ஒரு தடவ சொல்லிப் பாத்தேன்.