நாலாம் நம்பர் வண்டி

— அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்களேன். எங்க பல் கிளினிக்ல அந்தப் பெரியவர் நாற்காலியில சாஞ்சவர்தான், வாயைத் திறக்கவே மாட்டேங்கிறார். டாக்டரம்மா விளக்கைப் போட்டுக்கிட்டு, சின்னக் கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

— முதல்ல நான் ஷூவைக் கழட்டிக்கிறேன். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ள நின்னு இடுப்பே விட்டுப்போச்சு. பாப்பா எங்க?

— கீழ் வீட்டுல சாப்பிடுறா. நீங்க கதையைக் கேளுங்க.

— சாப்பிடுறாளா? நான் ஊட்டலைன்னா ஒரு வாய் வாங்க மாட்டாளே. பிள்ளை பட்டினி கிடந்தா பெத்த வயிறு பத்தி எரியாதா?

— உங்களுக்கு ஏதுங்க பெத்த வயிறு? அதெல்லாம் பொம்பளைங்க சொல்றது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

— உங்க அம்மா சொல்லிக் கொடுத்த தமிழ்தான் எனக்கு வரும். வேணும்னா அத்தைகிட்ட சண்டை போடு.

— நல்ல மாமியார், நல்ல மாப்பிள்ளை. சரி, கேளுங்க. அவருக்கு நம்ம பாஷை ஒரு வார்த்தை தெரியலை. டாக்டரம்மாவுக்கு அவர் பாஷை தெரியலை. கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறார். வாயைத் திறங்கன்னு சைகை காட்டினா மட்டும் கிட்டிச்சுப்போன மாதிரி இறுக்கிக்கிறார். என் முகத்தையே பாக்குறார். அப்புறம் ஏதோ முணுமுணுத்தார் பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. உங்க பாஷைங்க!

— அட, எங்க ஆளா? எந்த ஊராம்?

— அதுக்குத்தான் வரேன். டாக்டரம்மா, நான் பேசுறேன்னு முன்னாடி போயிட்டேன். போனப்புறம்தான் யோசிக்கிறேன். எனக்கு என்ன தெரியும்? நீங்க பாப்பாகிட்ட பேசுறதைக் கேட்டுக் கத்துக்கிட்டதுதானே எல்லாம். மரியாதையா ஒரு பேச்சுக்கூடத் தெரியாது.

— ஆண்டவனே. என்ன சொல்லித் தொலைச்ச?

— "செல்லக்குட்டி, அழக்கூடாது, ஆ காட்டு"ன்னு சொன்னேன்.

— வயசானவரையா?

— நரைச்ச மீசைங்க, சும்மா முறுக்கி விட்ட மீசை. அவரைப் போய் "யாரு என் கண்ணை அடிச்சா"ன்னு வேற கேட்டேன். சிரிக்காதீங்க.

— சிரிக்காம? எங்க ஊர்ல இதுக்கு உன்னைக் கட்டி வச்சு உதைப்பாங்க. என் மானத்தை வாங்கிட்டு வந்து நிக்கிறா பாரு.

— அவரும் மிரண்டுதான் போனார். ஆனா வாய் மட்டும் திறக்கலை. எனக்குக் கைவசம் இருந்ததெல்லாம் தீர்ந்துபோச்சு. கடைசியா ஒண்ணுதான் மிச்சம். எடுத்து விட்டேன்.

— எதை?

— பாப்பாவுக்கு ஊட்டுறப்ப சொல்லுவீங்களே. "கேட்டைத் திற, நாலாம் நம்பர் வண்டி வருது. டிரைவருக்கு ரொம்பப் பசிக்குது."

— அதையுமா? அதையும் அந்தப் பெரியவர்கிட்ட சொன்னியா?

— சொன்னேன். படக்குன்னு வாயைத் திறந்தார். அவ்ளோ பெருசா. டாக்டரம்மா எனக்குக் கை கொடுத்தாங்க. நான் என்னமோ பத்து பாஷை படிச்ச மாதிரி நிக்கிறேன். இன்னிக்கு முழுக்க எனக்குக் கால் தரையில பாவலைங்க. உங்க பாஷையில ஒரு மனுஷன்கிட்ட நானா பேசினேன், நீங்க பக்கத்துல இல்லாம.

— கெட்டிக்காரிதான். நாளைக்கு உனக்கு மரியாதைப் பேச்சு நாலு சொல்லித் தரேன். பாப்பாவைக் கூப்பிடு, நேரமாச்சு.

— இருங்க, இன்னும் முடியலை. டாக்டரம்மா அலசிப் பாத்துட்டு, இவருக்குப் பல்லுல ஒரு குறையும் இல்லை, எதுக்கு வந்தார்னு கேக்குறாங்க. நான் திரும்பிப் பாத்தா, திறந்த வாயை மூடாம அழுதுக்கிட்டு இருக்கார்.

— பயந்துட்டாரோ என்னமோ.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் மெதுவா, எனக்குப் புரியணுமேன்னு குழந்தைகிட்ட பேசுற மாதிரி நிறுத்தி நிறுத்தி ஒண்ணு கேட்டார். "டிரைவருக்குப் பசிக்குதுன்னு மட்டும்தான் சொல்றானா, தூங்க வைக்கிறப்ப டிரைவருக்குத் தூக்கம் வருதுன்னும் சொல்றானா?"

— என்ன கேட்டார்?

— சொல்றானான்னு கேட்டார். சொல்றாங்களான்னு இல்லை. அந்த வித்தியாசம்கூட எனக்குப் புரிஞ்சுதுங்க. என்னங்க, ஏன் அப்படியே நின்னுட்டீங்க? ஒரு கால்ல ஷூ இருக்கு.

— அது எங்க ஊர்ப் பாட்டு இல்லை. வேற எந்த வீட்டுலயும் அதைச் சொல்ல மாட்டாங்க.

— தெரியும்.

— நாலாம் நம்பர் எங்க அப்பா ஓட்டின ரயில் வண்டி. வீட்டுக்கு வந்தா கரி வாசனையோட எனக்கும் அக்காவுக்கும் அவர்தான் ஊட்டுவார். அவரே கட்டினது அது.

— தெரியும்ங்க. அவரே சொன்னார். முக்கால்வாசி புரிஞ்சுது.

— எதுக்கு வந்தார்?

— என்னைப் பாக்கத்தான். உங்க அக்காதான் கிளினிக் அட்ரஸைக் கொடுத்திருக்காங்க. வேற யாரோ மாதிரி வந்து, சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தாராம். வாயைத் திறந்தா ஏதாவது உளறிடுவோம்னுதான் அப்படி இறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தார்.

— நம்ம கல்யாணத்துக்கு வரலை. பாப்பா பொறந்ததுக்கு ஒரு போன் இல்லை. உன் பொண்டாட்டிகூட நான் எந்தப் பாஷையில பேசுறது, உன் வீட்டுக்கு வந்து ஊமையா உக்காரணுமான்னு கேட்டவர் அவர். அதுக்கு மேல அவரும் கூப்பிடலை, நானும் கூப்பிடலை.

— இன்னிக்குப் பேசிட்டோமே. எந்தப் பாஷைன்னு கேட்டவருக்கு அவர் பேச்சுலயே பதில் சொல்லிட்டேனே. உங்க வாய்லேர்ந்து பாப்பாவுக்கு, அவகிட்டேர்ந்து எனக்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கலைங்க. உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?

— கோவம் வருது. அழுகையும் வருது. எதை முதல்ல செய்றதுன்னு தெரியலை.

— அவருக்கும் பெத்த வயிறு இருக்கும்லங்க.

— அதைப் பொம்பளைங்கதான் சொல்லணும்னு இப்பதான் சொன்ன.

— இன்னிக்கு ஒரு நாள் ஆம்பளைங்களும் சொல்லிக்கட்டும்.

— சரி, அவரை என்ன பண்ணின? தெரியாத ஊர்ல தனியா எங்க போவார்? ஸ்டேஷனுக்கு ஆட்டோவாவது பிடிச்சுக் கொடுத்தியா? வாயைத் திறந்து சொல்லேன்டி.

— சன்னல் பக்கம் வாங்க.

— பாஷை தெரியாத ஊருங்கிறேன், சன்னலுக்குக் கூப்பிடுறா. நான் வண்டியை எடுக்கிறேன், இப்பவே போனா ஸ்டேஷன்ல பிடிச்சிடலாம்.

— நீங்க ஊட்டாம பாப்பா எப்படிச் சாப்பிடுறான்னு வந்ததும் கேட்டீங்கல்ல? பேசாம நின்னு, கீழேர்ந்து யார் குரல் வருதுன்னு கேளுங்க.

— கேட்டைத் திறடி தங்கம், நாலாம் நம்பர் வண்டி வருது. டிரைவருக்கு ரொம்பப் பசிக்குது.