கதவுப் பகுதியில் ஆளில்லை

மதனி: கையை ஆட்டாதேங்கோ அப்பா... ஐஸ் கட்டி விழப்போகுது.

சோதிலிங்கம்: ஒண்டுமில்லைப் பிள்ளை. மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கு. அவ்வளவுதான்.

மதனி: கொஞ்சமோ? வளையல் போட்டாலும் ஏறாது! இஞ்சருங்கோ, சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கெதியா வாங்கோ. அப்பா பாத்றூமுக்குள்ள விழுந்திட்டார்.

றமணன்: ஐயோ... என்னெண்டு மாமா?

சோதிலிங்கம்: சும்மா இருக்கேலாமல் பார்த்த வேலை தம்பி. மதனிக்கு எட்டாம் மாதம். குளிக்கிற இடம் வழுக்குது. பிடிச்சு நிக்க ஒரு கம்பி பூட்டுவம் எண்டு... பூட்டிப்போட்டுத் தொங்கிப் பார்த்தன். கம்பியும் நானும் சேர்ந்தே வந்திட்டம்.

மதனி: சிரிக்காதேங்கோ அப்பா. நான் பிடிச்சிருந்தா?

சோதிலிங்கம்: அதுக்குத்தானே நான் முதல்ல பிடிச்சனான்.

றமணன்: எந்த ஆணி மாமா போட்டனீங்கள்? காட்டுங்கோ... இது கொங்கிறீற்றுக்குப் போடுறதல்லோ! எங்கட சுவர் உள்ளுக்கு ஓட்டைக் கல்லு. பின்னால விரிஞ்சு பிடிக்கிற ஆணி எல்லோ வேணும். கடையில ஒருத்தரும் 'எந்தச் சுவருக்கு' எண்டு கேக்கேல்லையோ?

மதனி: உங்கட கடைதான்!

றமணன்: எங்கட... கடையோ?

மதனி: பின்ன? கட்டுகஸ்தோட்டைச் சந்தியில பஸ் ஏறித் தனியப் போயிருக்கிறார். யாழ்ப்பாணத்தில இருந்து வந்த நாள் தொடக்கம் 'மருமகன் வேலை செய்யிற பெரிய ஹாட்வெயார் கடையை ஒருக்காப் பார்க்கோணும்' எண்டு ஒரே ஆசை.

றமணன்: எப்ப மாமா... காலமையோ? அப்ப நான் மீற்றிங்கில எல்லோ...

சோதிலிங்கம்: ஓம் ஓம். மீற்றிங் எண்டுதான் சொன்னவை.

மதனி: ஆர் சொன்னது? ஒருத்தரும் இல்லை, சுத்திச் சுத்தித் திரிஞ்சன் எண்டு இப்பத்தானே சொன்னியள்!

சோதிலிங்கம்: அது... வாசல்ல நிக்கிற செக்கியூரிற்றி.

மதனி: அவருக்குச் சிங்களம் மட்டுந்தான் தெரியும். உங்களுக்குச் சிங்களத்தில ஒரு சொல்லும் தெரியாது.

சோதிலிங்கம்: கையால சொன்னவர்.

மதனி: மீற்றிங்கைக் கையாலயோ? என்னை விசரி எண்டு நினைச்சியளோ? இருங்கோ, நான் கொம்பனிக்கே போன் எடுக்கிறன். அப்பா கடை ஆக்கள் போடுற மஞ்சள் ரீ சேட் ஒண்டைக் கண்டவராம். கையைத் தூக்கினவுடன அது மறைஞ்சிட்டுதாம்! அந்த ஆளின்ர வேலை போகோணும்.

றமணன்: மதனி... பொறும். அவையையும் முழுக்கப் பிழை சொல்லேலாது. முந்தி ஆறு பேர் நிண்ட பகுதியில இப்ப ரெண்டு பேர். ஒராளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிண்டா, 'தட்டு ஏன் அடுக்கேல்லை' எண்டு மேல இருந்து கேள்வி. அதால... கை தூக்கிற ஆக்களைக் கண்டா, எல்லாரும் ரெண்டு வரிசை தள்ளிப் போயிடுவினம்.

மதனி: எல்லாருமோ? நீங்களுமோ? முந்தி மடவளையில ஸெய்னுலாப்தீன் நானாவின்ர சின்னக் கடையில நீங்கள் வேலை செய்யேக்க, ஒரு ஆணி கேட்டாலும் ஆளைக் கதிரையில இருத்தி, 'எந்தச் சுவர், எவ்வளவு பாரம்' எண்டு பொலிஸ் மாதிரி விசாரிப்பியளே! இப்ப கள்ளருக்கு வக்காலத்து வாங்குறியள்... ஹலோ! சீ... 'உங்கள் அழைப்பு எமக்கு முக்கியமானது' எண்டு ஒருத்தி. பிறகு பாட்டு.

சோதிலிங்கம்: போனை வை பிள்ளை.

மதனி: வைக்கமாட்டன். பாட்டு முடியட்டும்.

சோதிலிங்கம்: வை எண்டுறனல்லோ! ...என்ர கண்ணாடி பழசு. மஞ்சளுமில்லை, பச்சையுமில்லை. நான் ஒருத்தரையும் காணேல்லை.

மதனி: அதுக்கேன் கத்துறியள்? ...சரி, வைச்சிட்டன். அந்த மஞ்சள் ரீ சேட் உங்களுக்கென்ன சொந்தக்காரனோ, இப்பிடிக் காப்பாத்துறியள்?

சோதிலிங்கம்: இஞ்சி தட்டிப் போட்டு ஒரு தேத்தண்ணி தாவன். கண்டிக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளேல்லை.

மதனி: கதையை மாத்துங்கோ... போடுறன். மாமனும் மருமகனும் ஒரே அச்சு.

றமணன்: ...மாமா.

சோதிலிங்கம்: மெல்லக் கதையுங்கோ. குசினிக்குக் கேக்கும்.

றமணன்: நாளைக்குச் சரியான ஆணி கொண்டுவந்து நானே பூட்டுறன்.

சோதிலிங்கம்: நல்லது தம்பி.

றமணன்: மீற்றிங் எண்டு... உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, என்ன?

சோதிலிங்கம்: உங்கட கடையில கதவுகள் நல்ல வடிவு தம்பி. நிலையோட நிறுத்தி வைச்சிருக்கிறியள். திறந்தா அங்கால வீடும் இல்லை, வளவும் இல்லை. ஒரேயொரு குறை... கீழ நாலு விரல் இடைவெளி. கலியாணத்துக்கு நான் எடுத்துத் தந்த சப்பாத்து. இன்னும் போடுறியள். சந்தோசம்.

றமணன்: முதல்ல ஆரெண்டு தெரியேல்லை மாமா. சத்தியமா. தொப்பி போட்ட ஒராள் கை தூக்கினார்... பழக்கத்தில கதவுக்குப் பின்னால போயிட்டன். பேந்துதான், 'தம்பி, ஆரும் நிக்கிறியளோ' எண்டு... குரல் தெரிஞ்சது. தெரிஞ்சும்... வரேல்லை. கதவுக்குப் பின்னால இருந்து எந்த முகத்தோட உங்களுக்கு முன்னால வாறது? நீங்களும் பேசாமல் போயிட்டியளே மாமா! ஒருக்கால் கதவில தட்டியிருக்கலாமே?

சோதிலிங்கம்: தட்டினா... நீங்கள் திறக்கவேண்டி வந்திருக்குமே, தம்பி.