நடுவால வந்த பந்து

— அப்ப எந்தப் பக்கமும் பாயாமலா நிண்டீங்க மச்சான்?

— ஓம் புள்ள. பெனால்டிக்கு எல்லா கோல்கீப்பரும் ஒரு பக்கம் பாய்வான். அவன் நடுவால அடிச்சான். நான் நிண்ட இடத்திலயே புடிச்சன்.

— பயமில்லயா?

— நம்மட கலியாணம் முடிஞ்ச காலத்துல இருந்து இந்தக் கிளப்பில கோலுக்குப் பின்னால நிண்டு பந்து பொறுக்கினவன்தானே நான். நிக்கிறது எனக்குப் புதுசா? மெயின் கீப்பர் சூரசேனவுக்கு விரல் முறிஞ்சதாலதான் இந்த வருசம் முன்னால விட்டாங்க.

— முப்பத்தினாலு வயசில.

— கோச்சும் அதத்தான் சொல்றார். கிழவனுக்கு இப்பதான் மீசை முளைக்குதாம்.

— அம்மாட்ட சொன்னன். அப்ப உன்ட புருசன் இனி மைதானத்துக்கு வெளிய வாங்குப் பலகையில குந்துறல்லயா எண்டு கேட்டா.

— மாமி சிரிச்சாவா?

— சிரிக்கல்ல. ஆனா கல்லடிச் சந்தை முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கா. பாலத்தடி ஆமிக்காரனும் என்ட பையத் துறந்து பாத்துட்டு, புருசன் எங்க எண்டான். கொழும்பில பந்து விளையாடுறார், கோல்கீப்பர் எண்டு கிளப்புப் பேரயும் சொன்னன். அந்தக் கிளப்பில கீப்பர் சூரசேன, பொய் சொல்லாத எண்டான்.

— பையோட எங்க போன நீ?

— டவுனுக்கு.

— மகன் என்ன செய்றான்?

— ரெண்டு செருப்ப மண்ணில குத்தி வெச்சி, தான்தான் கீப்பராம். மத்தப் பொடியன் ஒருத்தனயும் கிட்ட அண்ட விடுறானில்ல.

— ஞாயிற்றுக்கிழமை பைனல் புள்ள. அவனயும் கூட்டிட்டு வாவன்.

— வழி நெடுக செக்பொயின்ட். சின்னப் புள்ளய ஏத்தி இறக்கி எப்பிடிக் கொண்டுவாற?

— நீயாவது வா. நான் கோலுக்குள்ள நிண்டத நீ ஒரு நாளும் காணல்ல.

— காணத்தான் ஆசை.

— போன்ல குரல் என்ன ஒரு மாதிரி கேக்குது?

— ஒண்டுமில்ல. மாரி வருது. ஷெல் விழுந்த கூரைக்கு இன்னும் ஓடில்ல, தறப்பாள்தான்.

— தங்கேசு, உன்னட்ட ஒரு விசயம் மறைச்சிட்டன்.

— நீங்க குவைத்துக்கு வேலைக்குப் போகல்ல எண்டுதானே?

— ஆர் சொன்ன?

— ஆரும் சொல்லல்ல. றேடியோவில கோல்கீப்பர் நல்லரத்தினம் எண்டு உங்கட பேரச் சொன்ன அண்டைக்கே விளங்கிட்டு. அதுவரைக்கும் எந்த நேரமும் குவைத்துக் கதை. உழைச்சிக் கூரை போடுவன், ஓடு வாங்குவன் எண்டு. அதுக்குப் பிறகு வாயே திறக்கல்ல.

— கிளப்போட ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன். இத விட்டா எனக்கு வேற நாளில்ல. இந்த வயசில ஆர் கூப்பிடுவான்? ஆனா நீ விடு எண்டா விடுறன் புள்ள. இப்பவே போய்ச் சொல்றன்.

— விடாதீங்க.

— கோவத்துல சொல்றியா?

— இல்ல மச்சான். நீங்க வாங்கில குந்திட்டு வீட்டுக்கு வந்து ராவு ராவா முழிச்சிக் கிடந்தத நான்தானே பாத்தன். விடாதீங்க.

— அப்ப வீடு?

— வீடு எழும்பும்.

— எப்பிடி எழும்பும்?

— நான் கல்லடியில இல்ல. கொழும்புக்கு வந்திட்டன், மருதானையில ஏஜென்சிக்காரன்ட அறையில நிக்கிறன். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு நான் போறன். மகன் அம்மாவோட.

— என்ன கதைக்கிற நீ? எந்த றோட்டு? சொல்லு, இப்பவே வாறன்.

— வராதீங்க. விடிய பிளைட். உங்கட முகத்தக் கண்டா எனக்குப் போக ஏலா.