சாயிராவை இங்கிலாந்துக்கு அனுப்பலாமா?

முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு எனக்கு மூன்றே நிமிடம் ஒதுக்கிய தலைவர் வானமாமலை அண்ணாச்சி அவர்களே! கரண்ட் போனாலும் கலையாத தாராவிப் பெரியவர்களே! குழாயடிப் போரை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் வீரத் தாய்மார்களே! கல்யாணிலிருந்து ரயிலில் தொங்கி வந்த தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மன்சூர் அலியின் வணக்கம், ஸலாம்!

இங்கிலாந்தில் 'சர்வதேச வளர்ச்சி' என்று ஒரு முதுகலை முடித்து வந்ததற்காக எனக்கு இந்த மாலை. அதே படிப்புக்கு என் தங்கை சாயிராவுக்கும் இப்போது இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா, கூடாதா? "மேடையில வச்சு நீயே சொல்லுல, கேட்டுக்கிடுதேன்" என்று என் வாப்பா முகம்மது ஹனீப் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் எஞ்சினியர். நான் வேலை பார்த்த அம்பர்நாத் ஆலையில் மெஷின் நின்றால் மறுநாள் ஓடும். எங்கள் தெருக் குழாய் நின்றால் மட்டும் ஏன் நின்றது நின்றதுதான்? அதற்கு விடை தேடித்தான் அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். தேடினேன். கிடைத்ததா?

யாருங்க அது? இதைப் படிச்சா துபாயில வேலை கிடைக்குமான்னா கேட்கீங்க? கிடைக்காது, உட்காருங்க!

வறுமையை ஒழிக்க ஒரு வகுப்பு! வறுமை என்றால் என்ன என்று ஒரு வகுப்பு! அதை வறுமை என்று சொல்லலாமா என்று ஒரு பருவம் முழுக்கச் சண்டை! கரும்பலகையில் கட்டம் போட்டார்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே அம்பு விட்டார்கள். அம்பு பாய்ந்தது அன்பர்களே, தண்ணீர் பாயவில்லை!

ஒருநாள் விளக்கை அணைத்து ஸ்லைடு போட்டார் பேராசிரியர். திரையில் தாராவி! எங்கள் தெரு! குடத்தோடு கையை நீட்டி நிற்கிறார் ஒரு பெண்மணி. "உதவிக்காக நீளும் கரம்" என்றார். எழுந்தேன். "ஐயா, அது என் உம்மா மதீனா பீவி. உதவி கேட்கவில்லை. படம் எடுக்கிறவரை வரிசையை விட்டுத் தள்ளிப்போகச் சொல்கிறார்!"

அதோ, உம்மாவே எழுந்துவிட்டார்: "ஆமால! என் குடத்தைத் தட்டிவிட்டுட்டாம்ல அவன்!"

அந்த வகுப்பில் சிரித்தார்களா? இல்லை. திருத்தினார்களா? இல்லை. எழுதிக்கொண்டார்கள், 'ஒரு மாணவரின் தனிப்பட்ட அபிப்பிராயம்' என்று! அடுத்த ஸ்லைடு!

வாப்பா தலையாட்டுகிறார். "அப்போ பிள்ளை போக வேண்டாம்" என்று முடிவே கட்டிவிட்டார். பொறுங்கள் வாப்பா! ஆலையில் ஒரு மீட்டர் ஏடாகூடமாகக் காட்டினால், மீட்டர்தான் கோளாறு என்பார்கள். பக்கத்திலேயே இரண்டாவது மீட்டரை மாட்டுவோம். அதுவும் அதையே காட்டினால்? அப்புறம் மெஷினைத்தான் நிறுத்தியாக வேண்டும்!

நான் ஒருத்தன் சொன்னேன், அபிப்பிராயம் என்றார்கள். சாயிராவும் சொன்னால்? வடாலாவிலிருந்து இன்னொருத்தி போய்ச் சொன்னால்? நம்மை வைத்தே பாடம் நடக்கிறது. அந்த வகுப்பில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டுமா, வேண்டாமா? நம் கையைப் பார்த்துக் கதை எழுதுகிறவர் முன்னால் நம் வாய் திறக்க வேண்டுமா, வேண்டாமா? படிப்பு நல்ல படிப்பு என்பதற்காக அல்ல, அது அரைகுறைப் படிப்பு என்பதற்காகவே சொல்கிறேன்: அனுப்புங்கள்!

என்ன வாப்பா? சத்தமாகச் சொல்லுங்கள்... "அங்க குளிருமாமே, பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை ரெண்டு எடுக்கணும்லா?" என்கிறார். தாய்மார்களே, எங்கள் வீட்டில் இதற்குப் பெயர்தான் சம்மதம்!

கேட்ட காதுகளுக்கும், மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். வணக்கம்!